பாறசாலை மாடியறையில் எட்டுச் சனிக்கிழமை

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் வீட்டிலேயே மிஷின் போட்டு இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். பிளவுஸ், நைட்டி, சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். கைவேலை என்றால் ஹெம்மிங், ஹூக், காஜா, அவ்வளவுதான். ஆரி வேலை கேட்டு வருகிறவர்களை மார்த்தாண்டத்துக்கு அனுப்பிவிடுவேன்.

போன வருஷம் குவைத்தில் இருக்கும் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஏப்ரன். கீழ்விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை லேஸ். "அக்கா, என் தோழியோட வீட்டுக்காரம்மா போட்டிருக்கது. இந்த லேஸை எப்படிப் பிடிச்சுத் தச்சிருக்கு? எனக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டிருந்தாள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேஸே இல்லை. கட்டத்துக்குள் கட்டமாக நூலாலேயே நட்சத்திரமும் வட்டமும் போட்டிருந்தது. தள்ளி நின்று பார்க்கிறபோதுதான் அது லேஸாகத் தெரிகிறது.

சிக்கன் ஸ்க்ராட்ச் என்று அதற்குப் பெயர். மார்த்தாண்டத்தில் நூல் வாங்கும் கடையில் இந்தப் பெயரைச் சொன்னதும் லக்னோ சிக்கன் வேலை என்று நினைத்து வெள்ளைக் குர்தாவை எடுத்துப் போட்டார்கள். அது வேறு. லக்னோ வேலைக்கு மெல்லிய துணியில் முதலில் பூவும் இலையும் அச்சு குத்தி, அதன்மேல் தைக்கிறார்கள். இதற்கு அச்சும் இல்லை, பென்சில் கோடும் இல்லை. துணியின் கட்டம்தான் வரைபடம். பெயரில் வரும் சிக்கன் நம் கோழிதான். கோழி மண்ணைக் கிண்டின தடம் மாதிரித் தையல் விழுவதால் அந்தப் பெயர்.

எங்கள் சபையில் ஒரு மைனி, "பாறசாலையில ஒரு டீச்சர் சொல்லிக் குடுக்காவ, போய்க் கேளு" என்றார். கேரளாவில் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபது வயது தாண்டியவர். தன் பெயரையும் நம்பரையும் எங்கும் போட வேண்டாம் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இங்கே போடவில்லை. இது அவருடைய வகுப்பைப் பற்றிய என் அபிப்பிராயம். எட்டுச் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி முதல் ஐந்து வரை. கட்டணம் 1,500 ரூபாய். குழித்துறை ஸ்டேஷனில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் பாசஞ்சரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை. ரயிலை விட்டுவிட்டால் களியக்காவிளை வரை நம்ம பஸ், அங்கே இறங்கிக் கேரளா வண்டி.

முதல் நாள் ஊசியையே தொடவிடவில்லை. ஆளுக்கு ஒரு சாண் கட்டத்துணியைக் கையில் கொடுத்து, "இதுல எத்தனை நிறம் உண்டு?" என்று கேட்டார். பதினொரு பேரும் ரெண்டு என்றோம். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மக்களே." மறுபடியும் ரெண்டு. அப்புறம் ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று.

பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் இழையில், கொஞ்சம் நீல இழை, கொஞ்சம் வெள்ளை இழை என்று மாற்றி மாற்றி ஓடுகிறது. குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே கணக்கு. நீலத்தின்மேல் நீலம் விழுகிற இடம் கரும்கட்டம். வெள்ளையின்மேல் வெள்ளை விழுகிற இடம் வெள்ளைக்கட்டம். நீலமும் வெள்ளையும் குறுக்கே விழுகிற இடத்தில் நடுத்தரமாக ஒரு வெளிர்நீலம். நாலு கட்டம் எடுத்தால் ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு வெளிர். கருப்பு என்று டீச்சர் சொல்வது கடும்நிறக் கட்டத்தை. சிவப்புத் துணியானாலும் அவருக்கு அது "கறுப்புக் கட்டம்"தான். ஒரு வெள்ளைக்கட்டத்தை எடுத்துக்கொண்டால், மேலே கீழே வலது இடது நாலு பக்கமும் வெளிர்க்கட்டம் நிற்கும், நாலு மூலையிலும் கருங்கட்டம் நிற்கும். இப்படி இரண்டு நிற இழையில் ஒரே அளவாக நெய்த எல்லாக் கட்டத்துணிக்கும் இது பொது. இதை மனசில் பதிய வைக்கத்தான் அந்த முதல் மூன்று மணி நேரமும்.

எத்தனை யூனிஃபார்ம் சட்டை வெட்டியிருப்பேன்! பட்டன் பட்டியில் கட்டம் சேர்கிறதா, பாக்கெட்டுக் கட்டம் உடம்புக் கட்டத்தோடு ஒட்டுகிறதா என்றுதான் என் கண் போகும். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அன்றைக்குத்தான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு பாடத்துக்கே 1,500 ரூபாய் கொடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

தையல் மொத்தம் மூன்றே மூன்று. முதலாவது இரட்டைக் குறுக்கு. கட்டத்தின் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் ஒரு கூட்டல் குறி. எட்டுக்கால் நட்சத்திரம் வரும். எல்லா நட்சத்திரத்திலும் கடைசிக் கோடு ஒரே திசையில் விழவேண்டும். சிலது படுத்தும் சிலது நிமிர்ந்தும் கிடந்தால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், டீச்சர் அங்கேயே பிரிக்கச் சொல்லிவிடுவார். இரண்டாவது சாதாரண ஓட்டுத் தையல். வெளிர்க்கட்டத்தில் ஒரே ஒரு நேர்க்கோடு. வெள்ளைக்கட்டத்துக்கு மேலும் கீழும் செங்குத்தாக, வலமும் இடமும் படுக்கையாக. நாலு கோடும் அந்த வெள்ளைக்கட்டத்தைப் பார்த்து நிற்கும்.

மூன்றாவதுதான் வட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊசி ஒரு கோட்டின் ஓரமாகத் துணிக்கு மேலே வருகிறது. அதற்கப்புறம் துணியைத் தொடுவதே இல்லை. நாலு நேர்க்கோடுகளின் அடியில் ஒவ்வொன்றாக நுழைந்து ஒரு சுற்று, திரும்பவும் ஒரு சுற்று. பிறகு வந்த வழியிலேயே உள்ளே இறங்குகிறது. ஊசியின் முனையை விட்டால் கோட்டின் இழையைக் குத்திப் பிளந்துவிடும். அதனால் ஊசியைத் திருப்பிப் பிடித்து, காதுப் பக்கத்தை முன்னே விட்டு நுழைக்க வேண்டும். நான் முதலில் இழுத்த வட்டம் வட்டமாக வரவில்லை. நாலு மூலையாகச் சதுரத்தில் நின்றது. டீச்சர் பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "எதுக்கு மோளே இப்படி இழுத்து வலிக்கிய? பைய விடு. நூலு அதா நிக்கும்." கையைத் தளர்த்தினேன். நூல் ஒரு நெல்மணி அளவுக்கு மேலே எழும்பி, அதுவாகவே வளைந்து உட்கார்ந்தது. வெள்ளைக்கட்டத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், துணியில் ஒட்டாமல். விரலால் தொட்டால் லேசாக ஆடுகிறது. மிஷின் எம்பிராய்டரியில் நட்சத்திரம் வந்துவிடும், இது வராது. மிஷின் ஊசி துணியைக் குத்தாமல் ஒரு தையல்கூடப் போட முடியாதே.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ஒரு நிற நட்சத்திரம் எல்லாவற்றையும் முடித்து, அடுத்த நிற நட்சத்திரம், அப்புறம் நேர்க்கோடுகள், கடைசியில் வட்டங்கள். நடுவில் வட்டம் போட ஆசைப்பட்டால் பக்கத்துத் தையலில் நூல் மாட்டிக்கொள்ளும். துணியை நாலாக மடித்து இஸ்திரி போட்டு, மடிப்பு கூடும் நடுக்கட்டத்திலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும். முடிச்சு போடக்கூடாது, நூல் வாலைப் பின்பக்கத் தையலுக்கடியில் நுழைத்துவிட வேண்டும். அடர்ந்த நிற நூலைப் பின்னால் நாலைந்து கட்டம் தாண்டி இழுத்தால் வெள்ளைக்கட்டம் வழியாக நிழல் மாதிரித் தெரியும்.

இத்தனைக்கும் நூல் இரண்டே நிறம்: வெள்ளை, துணியின் கடும்நிறம். கருங்கட்டத்தின்மேல் வெள்ளை நட்சத்திரம் போட்டால் அந்தக் கட்டம் வெளுத்துவிடும். வெள்ளைக்கட்டத்தில் நீல நட்சத்திரம் போட்டால் அது கறுத்துவிடும். நெசவாளி போட்ட கட்டத்தை நாம் ஊசியால் இடம் மாற்றுகிறோம். கண் ஏமாந்து லேஸ் என்று நினைப்பது இதனால்தான்.

இந்த வேலை அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் பரவியது என்று டீச்சர் ஒரு நாள் சொன்னார். அதனால் டிப்ரஷன் லேஸ் என்றும் பெயர். அன்றைக்கு ஜனாதிபதியாக இருந்த ஹூவரின் பெயரைச் சேர்த்து ஹூவர் லேஸ் என்றும் சொல்வார்களாம். லேஸ் வாங்கக் காசில்லாத வீடுகளில், கிடைத்த மலிவுக் கட்டத்துணியில் ஏப்ரனும் மேஜைவிரிப்பும் இப்படித் தைத்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பாட்டி நினைவு வந்தது. உருளைத் தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலைக் கலகலவென்று மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவாள். லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த வேலை அது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் அப்போது இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வந்ததே 1855இல்தான். பாட்டி பின்னிய லேஸ் முழுவதும் கப்பலேறிப் போயிற்று. அவள் சட்டையில் ஒரு முழம் லேஸ் வைத்து நான் பார்த்ததில்லை. இதை டீச்சரிடம் சொன்னேன். அவருடைய அம்மாவும் லேஸ்காரிதானாம். 1956 வரை பாறசாலையும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சிக்குக் கீழேதானே இருந்தன. அன்றைக்கு வகுப்பு முடிந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் எழும்ப மனசில்லை.

இனி குறைகள். வகுப்பில் சேருகிறவர்கள் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வரவேண்டும் என்று டீச்சரின் மருமகள் ஒரு லிங்க் அனுப்புகிறார். 450 ரூபாய். அதை வாங்காதீர்கள். உள்ளே ஒரு மீட்டர் சிவப்புக் கட்டத்துணி, சிவப்பும் வெள்ளையும் நூல், துணியை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் வளையம், நாலு ஊசி. வளையம் இரண்டாம் வாரமே வாய் பிளந்தது. அது போகட்டும். நூல்தான் என் நெஞ்சை உடைத்தது. பதினாறு அங்குலக் குஷன் உறை ஒன்றை மூன்று வாரம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் உட்கார்ந்து முடித்தேன். சுற்றிலும் நட்சத்திரக் கரை, நடுவில் ஒன்பது வட்டத்தில் ஒரு பூ. முடித்ததும் கை அழுக்குப் போகட்டும் என்று பச்சைத் தண்ணீரில் முக்கினேன். சிவப்பு நூல் சாயம் விட்டது. ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ரோஜா நிறத்தில் ஒரு கறை பரவி, வட்டத்தின் வெள்ளை நூலெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. உப்புப் போட்டேன், வினிகர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "கையால் துவைத்ததால் மாற்றித் தர முடியாது" என்று பதில் வந்தது. கை எம்பிராய்டரி நூலைக் கையால் துவைக்காமல் எதனால் துவைப்பது? இன்னும் கோபம் தீரவில்லை.

ஒரு காலத்தில் சென்னைப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போன மெட்ராஸ் கட்டத்துணி சாயம் விடுவதையே ஒரு சிறப்பாகச் சொல்லி, ப்ளீடிங் மெட்ராஸ் என்று விற்றிருக்கிறார்கள். சட்டைக்கு அது சரி, ஒன்றோடொன்று கலந்து அழகாகவும் இருந்திருக்கும். நூல் வேலையில் ஒரு துளி சாயம் இறங்கினாலும் அத்தனை ராத்திரியும் வீண்.

இப்போது எந்த நூலை வாங்கினாலும் முதலில் ஒரு முழம் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அமுக்கிப் பார்க்கிறேன். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்த நூல் என் வீட்டுக்குள் வராது. ஆங்கர் ஸ்ட்ராண்டட் காட்டன் வாங்கிய பிறகு எனக்கு இந்தத் தொந்தரவு இல்லை. ஒரு கட்டு எட்டு மீட்டர், ஆறு இழை சேர்ந்தது. அங்குலத்துக்கு எட்டுக் கட்டம் உள்ள துணிக்கு இரண்டு இழை, நாலு கட்டம் உள்ளதற்கு மூன்று இழை என்பது டீச்சர் கணக்கு. ஆறையும் சேர்த்துப் பிரிக்காமல், ஒவ்வொரு இழையாக உருவி மறுபடி சேர்த்தால் தையல் தட்டையாக, நிறைவாக விழுகிறது.

துணி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. கிட்டில் வந்த கட்டம் சதுரமே இல்லை. பத்துக் கட்டத்தை அகலவாக்கில் அளந்தால் இரண்டரை அங்குலம், நீளவாக்கில் இரண்டே முக்கால். வட்டமெல்லாம் கோழிமுட்டையாக வந்ததற்குக் காரணம் என் கை இல்லை என்று அளந்து பார்த்தபிறகுதான் விளங்கியது. கடையில் நின்றே டேப்பை வைத்து இரண்டு வாக்கிலும் பத்துப் பத்துக் கட்டம் அளந்துவிடுங்கள். துணியைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது நெய்த கட்டமில்லை, அச்சடித்தது. அதில் கட்டம் இழையோடு நேராகப் போகாது. யூனிஃபார்ம் துண்டுகள் என்னிடம் மூட்டையாகக் கிடக்கின்றன, அவற்றிலும் முயன்று பார்த்தேன். பாலியஸ்டர் கலந்ததால் நூல் வழுக்குகிறது, துணி சுருக்கம் பிடிக்கிறது. கைலித் துணியில் கட்டம் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வருவதால் அதுவும் சரிப்படாது. கடைசியில் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற மார்க்கெட்டில் ஒரு பழைய துணிக்கடையில் நல்ல பருத்திக் கட்டம் கிடைத்தது. நீலம், பச்சை இரண்டிலும் எடுத்து வைத்திருக்கிறேன். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்துவிடுகிறேன். பிறகு சுருங்கினால் தையல் பொம்மிவிடும்.

வகுப்பிலேயும் சில விஷயங்கள் மாற வேண்டும். பதினொரு பேர் ஒரு அறைக்கு அதிகம். வட்டம் சொல்லிக் கொடுத்த அன்று என் முறை வர நாலே கால் ஆகிவிட்டது. மேற்கே தென்னை மறைத்து அதற்குள் வெளிச்சம் போய்விட்டது, அறையில் இருப்பது ஒரே ஒரு டியூப் லைட். மாடிப்படி செங்குத்து, முட்டுவலி உள்ளவர்கள் யோசித்துச் சேருங்கள். போட்டோ, வீடியோ எடுக்க விடமாட்டார். அச்சடித்த குறிப்பு எதுவும் கிடையாது. போர்டில் மலையாளத்தில்தான் எழுதுகிறார், ஆனால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பேச்சு முழுக்க நம்ம தமிழும் மலையாளமும் கலந்தது. வரைபடத்தில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம், வட்டத்துக்கு வட்டம், நேர்த்தையலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று கொண்டுபோனால் பார்த்து வரைந்துகொள்ளலாம். என் நோட்டில் இப்போது பதினான்கு டிசைன் இருக்கிறது.

ஒருவரையும் அவர் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் கூட இடைக்கோட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு இடது கைப்பழக்கம். அவளுக்காக டீச்சர் ஒரு வாரம் முழுவதும் தானே இடது கையால் தைத்துப் பழகி, அடுத்த சனிக்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து காட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்குத் தையல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அப்படி ஒரு காரியம் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளிடம் முதலில் எந்தக் கை என்று கேட்கிறேன்.

குவைத்துக்காரியின் ஏப்ரன் பிப்ரவரியில் முடிந்தது. நீலக் கட்டம், கீழ்விளிம்பில் எட்டு வரிசை, பாக்கெட்டில் ஒரு பூ. கூலி 1,800 ரூபாய் சொன்னேன். நாற்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த வேலை, அதற்குக் குறைத்துச் செய்ய முடியாது. அவள் பேரம் பேசவில்லை, தோழிக்கும் ஒன்று வேண்டும் என்றாள். இப்போது பச்சையில் எனக்கென்று ஒரு மேஜைவிரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மூலையில் நிற்கிறேன்.

அடுத்த பேட்ச் ஓணம் கழிந்துதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் மரவளையம் ஒன்று, எட்டாம் நம்பர் ஊசி, கணக்கு நோட்டு, சார்ஜ் போட்ட ஒரு சிறு மேஜைவிளக்கு கொண்டுபோங்கள். மூன்றரைக்கு டீச்சரின் மருமகள் சாயா கொண்டுவருவார். அந்த நேரம் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.